இரண்டு மணிப் புள்ளிகள்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பிள்ளைகள் விஷயத்தை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

என் மகள் பகவதியின் மகள் காந்திமதி ஒன்பதாம் வகுப்பில் அறிவியலில் முதல் மதிப்பெண். போன மாதம் பேச்சுப் போட்டியில் ஒரு டிபன் பாக்ஸ் ஜெயித்து வந்தாள், மூடி இறுக்கமானது, எறும்பு ஏறாது. மஸ்கட்டில் இருக்கும் என் மகன் சிதம்பரத்தின் மூத்தவள் அகிலா எல்.கே.ஜி. மாறுவேடப் போட்டியில் கத்தரிக்காயாக நின்று, கூட நின்ற தக்காளியும் முட்டைக்கோசும் அழுதபோதும் இவள் அழவில்லை. அவளுடைய தம்பி கைக்குழந்தை. நேற்றுக் குப்புற விழுந்துவிட்டானாம். அவன் அப்பன் அதற்கே எத்தனை மாதம் எடுத்துக்கொண்டான்! பேரன் முந்திவிட்டான். முகம் அப்படியே அவன் தாத்தா, என் வீட்டுக்காரர்.

படத்தைச் செல்போனில்தான் அனுப்பியிருந்தான். முகத்தில் மாவு பூசின மாதிரி வந்திருக்கிறது. மஸ்கட்டில் கேமரா அப்படிப் போல. “சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டுத் தபாலில் அனுப்புடா” என்று சொல்லிவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது, அனுப்பவில்லை. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்த இந்த டைரியை இன்று எடுத்ததற்குக் காரணம், ஆராய்ச்சி செய்கிறவர்கள் தினமும் எழுதவேண்டும் என்று காந்திமதி சொன்னதுதான். நானும் ஆராய்ச்சியில் இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. எந்தக் கூரை வெயிலைத் தாங்கும் என்று கண்டுபிடிக்கப் போகிறாள். மொட்டை மாடியில் ஒரே மாதிரி நான்கு பிஸ்கட் டின். ஒன்று சும்மா. ஒன்றுக்குச் சுண்ணாம்பு அடித்திருக்கிறது. ஒன்றின்மேல் பனை ஓலை. ஒன்றின்மேல் ஈரச் சாக்கு. ஒவ்வொரு மூடியிலும் ஓட்டை போட்டு ஒரு தெர்மாமீட்டர். காலையிலும் சாயங்காலமும் அவள் பார்ப்பாள். பகல் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் பள்ளியில் இருப்பாள், பகவதி வேலையில் இருப்பாள், மருமகன் தூத்துக்குடி துறைமுகத்தில். வீட்டில் யார்? நான்.

“நம்பர் போட்ட கோடு பத்து, நடுவில உள்ள தடிச்ச கோடு அஞ்சு, குட்டிக் கோடெல்லாம் ஒண்ணு ஒண்ணு. புரிஞ்சுதா ஆச்சி?”

“ஏட்டி, உனக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தவளே நான்தான்” என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ரீடிங் எடுத்தேன். பதினொன்றுக்கு: சும்மா டின் 40, சுண்ணாம்பு 35, ஓலை 35, சாக்கு 30. இரண்டுக்கு: 45, 40, 35, 30.

குட்டிக் கோடுகள் அந்தத் தெர்மாமீட்டர்களில் தேய்ந்து போயிருக்கின்றன. பள்ளிக்கூடத்துச் சாமான்தானே, எத்தனை பிள்ளைகள் கை பட்டதோ. சிவப்பு நன்றாகத் தெரிகிறது. எந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறதோ அதை எழுதினேன்.

மாடிப்படியில் கடைசிப் படி கொஞ்சம் உயரம் கூடுதல். கொத்தனார் வேலை.

ஆகஸ்ட் 13, புதன்

ரேஷன் அரிசி முன்னைப்போல் இல்லை, நல்ல சுத்தம். புடைத்துப் பார்த்தேன், ஒரு கல் கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டில் பகவதி ‘நறுக்’கென்று கடித்துக்கொண்டு கன்னத்தைப் பிடித்தாள். “அம்மா, அரிசி பாத்தியா இல்லியா?” என்றாள். அவளுக்குப் பல் பலவீனம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரீடிங் இரண்டு வேளையும் எடுத்தாயிற்று. ஓலை நன்றாகப் போகிறது. என் பந்தயம் ஓலைமேல்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வந்துவிட்டாள் காந்திமதி. இன்றைக்கு எல்லா ரீடிங்கும் அவளே. எனக்கு லீவாம். பகல் இரண்டு மணிக்கு மாடியில் இருந்து வந்து, “ஓலை முப்பத்தேழு, சுண்ணாம்பு முப்பத்தெட்டு” என்று கத்தினாள். ஓலைக்கு இவ்வளவு ஏன் ஏறிற்று? என் கையில் முப்பத்தைந்தைத் தாண்டினதில்லை. வெயில் கூடுதல்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பகவதியைக் கூட்டுறவு சங்கத்தில் உதவி மேலாளர் ஆக்கிவிட்டார்கள். சுற்றுகிற நாற்காலி, அடியில் சக்கரம் வைத்தது. “உக்காந்தா தானா நகருதும்மா, முதல் நாள் மேசைல முட்டிக்கிட்டேன்” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. கேசரி கிளறினேன்.

கேசரி கொடுக்க எதிர்வீட்டுக்குப் போனேன். ராசம்மா மைனி கட்டிலோடு இருக்கிறாள். கண் தெரியாமல் வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. அவளைப் பார்த்துக்கொள்ள மருமகள் டீச்சர் வேலையை விட்டுவிட்டாள். அந்தப் பெண் எனக்குக் காப்பி கொடுத்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை, உள்ளே இருட்டு. ஆனால் டம்ளரை வைத்த சத்தம் கேட்டது.

“பாத்தியா மைனி,” என்றாள் ராசம்மா மெதுவாக, “நான் விழுந்தது ஒரு தரம். அவ தெனமும் விழுதா.”

வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மகள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் நான் எழுத நினைத்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேனா மங்கல். காந்திமதியின் ஸ்கெட்ச் பேனாவில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

தபாலில் படம் வந்தது! நல்ல பெரிய படம். அகிலா பச்சைச் சட்டை, குழந்தைக்கு மஞ்சள். பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். “தாத்தா சாடை பாருங்க” என்றேன். தபால்காரர் அவசரமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ரீடிங் முடிந்தது. மாடியில் டின்களை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்.

சாயங்காலம் கிராஃப் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். படுத்த கோட்டில் மணி, நிற்கிற கோட்டில் சூடு. சும்மா டின்னுக்குச் சிவப்பு, சுண்ணாம்புக்கு நீலம், ஓலைக்குப் பச்சை, சாக்குக்குக் கறுப்பு. ஒவ்வொரு நாளுக்கும் புள்ளி வைத்து, நடுவாந்தரமாக ஒரு கோடு இழுத்தாள். காலையில் தரையோடு கிடந்தது, மத்தியானம் ஏறி, சாயங்காலம் இறங்கியது. நாலு மலை, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. சிவப்பு எல்லாவற்றையும்விட உயரம்.

“ஒரு பக்கம் முழுக்க எண்ணு இருந்திச்சுல்லா ஆச்சி? அதைப் பாத்தா ஒண்ணும் புரியாது. இதைப் பாத்தா ஒரே பார்வையில சொல்லிரலாம்.”

எனக்கும் ஒரே பார்வையில் தெரிந்தது. நிறம் நான்கும் தனித்தனியாக நல்ல அழகு. பள்ளிக்கூட நாள்களில் பகலில் உள்ள புள்ளியெல்லாம் நான் எடுத்தவை என்று பகவதியிடம் காட்டினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பிள்ளை சாப்பிடவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு, அவளுக்குப் பிடித்தது. கிராஃபைச் சுருட்டி பீரோ மேல் எறிந்துவிட்டாள். கேட்டால் தலைவலி என்கிறாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, எழுதுகிறேன்.

பகவதி வருவதற்குமுன் பிடித்து வைத்துக் கேட்டேன். சொன்னாள். அவளுடைய அறிவியல் டீச்சர் ஸ்டெல்லா மிஸ் கிராஃபைப் பார்த்திருக்கிறார். காலைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன, சாயங்காலப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. பள்ளிக்கூட நாள்களின் பதினொரு மணிப் புள்ளியும் இரண்டு மணிப் புள்ளியும் மட்டும் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று படியில் ஏறி நின்ற மாதிரி நிற்கின்றன. “நிஜமா அளந்தா இப்படி விழாது. இது அளந்ததா, உக்காந்து எழுதினதா?” என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் கண்காட்சியில் பெயர் கிடையாது.

“நீ என்ன சொன்ன?”

“நான்தான் மனசுல இருந்து எழுதினேன்னு சொல்லிட்டேன்.”

“ஏட்டி! ஏன்?”

தலையைக் குனிந்துகொண்டாள். “உனக்கு முட்டு வலி. நீ மாடி ஏற முடியாம கீழ உக்காந்து எழுதிட்டியோன்னு நெனச்சேன். உன்னை எப்படி ஆச்சி மாட்டிவிட முடியும்?”

எனக்கு வந்ததே கோபம். “நான் மாடி ஏறலையா? அந்த வெயில்ல, செருப்பு இல்லாம, ரெண்டு வேளையும் ஏறினேன்ட்டி! பொய்யா எழுதினேன்னா சொல்லுத?”

அவள் போய் ஒரு தெர்மாமீட்டரை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள்.

“இப்ப எவ்வளவு இருக்கு?”

“முப்பது.”

கையில் குமிழைப் பொத்திச் சூடாக்கி மறுபடி நீட்டினாள். “இப்ப?”

“முப்பத்தஞ்சு.”

“குட்டிக் கோடு தெரியுதா ஆச்சி?”

“அது தேஞ்சு போச்சுன்னுதான்...”

“தேயல ஆச்சி. எல்லாம் அப்படியே இருக்கு.” அவள் குரல் மாறிவிட்டது. “முதல்ல இருபத்தெட்டு. இப்ப முப்பத்துமூணு.”

பிறகு முகத்தை என் மடியில் வைத்துக்கொண்டாள். தூசி விழுந்திருக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அம்மாட்ட சொல்லாதட்டி” என்றேன். “இப்பத்தான் அந்த நாற்காலி வந்திருக்கு. எதிர்வீட்டைப் பாத்தேல்லா? எனக்குக் கண்ணு போச்சுன்னா உங்கம்மா என்னைத் தனியா விட்டுட்டு வேலைக்குப் போவாளா?”

சொல்ல மாட்டேன் என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டேன். கண்காட்சி போனால் போகிறது என்றும் சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை ஐம்பதுக்குக் குறையாது, பூரணம் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது. பகவதி “பரவால்லம்மா, பிள்ளையாருக்குப் பசி” என்று தின்றாள்.

லீவு என்பதால் காந்திமதி என்னை மாடிக்கு அழைத்துப் போனாள். அதே நான்கு டின். ஒவ்வொரு மணிக்கும் முதலில் நான் சொல்ல, பிறகு அவள் பார்த்துத் தனியாக எழுதினாள். நான் 45 என்றால் அவளுக்கு 43. நான் 40 என்றால் அவளுக்கு 38, நான் 30 என்றால் 31. ஒரு தடவைகூட மூன்றுக்குமேல் விலகவில்லை. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ஆச்சி, நீ தப்பா பாக்கல! பக்கத்துல இருக்க தடிச்ச கோட்டைப் பாக்க. அதனால நீ சொன்ன எண்ணுக்கு மேலயும் கீழயும் மூணு டிகிரிக்குள்ள நிஜம் இருக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் மேலயும் கீழயும் ஒரு சின்னக் கோடு போட்டுட்டா கிராஃப் சரியாயிரும்!”

“அப்ப போடு.”

முகம் மறுபடி விழுந்துவிட்டது. “எதுக்குப் போட்டேன்னு மிஸ் கேப்பாங்கல்லா? சத்தியம் பண்ணிட்டேனே.”

கீழே பகவதி சமையல் கட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி பாட, ஒருத்தி அழ, நடுவில் நான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டுதான். தலைமையாசிரியர் அறை என்று நினைத்து ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டேன். அங்கே இருந்த பெண்தான் கையைப் பிடித்து ஸ்டெல்லா மிஸ்ஸிடம் கொண்டுபோய் விட்டாள்.

“உக்காருங்கம்மா. யாரு வீட்ல இருந்து?”

“நான் காந்திமதி ஆச்சி. ரெண்டு மணிப் புள்ளி நான் வச்சது. மனசுல இருந்து எழுதலை டீச்சர், ஏறிப் பாத்துதான் எழுதினேன். என் கண்ணுக்குத் தடிச்ச கோடு மட்டும்தான் தெரியும். அது எனக்கே முந்தாநாள்தான் தெரியும்.”

கடைசி வாக்கியம் முழு உண்மை இல்லை. டீச்சர் அதைக் கேட்கவில்லை. நேற்று நாங்கள் இருவரும் சேர்ந்து அளந்து பார்த்ததையும் சொன்னேன். பிறகு காந்திமதியைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்ததும், “நேத்து எடுத்த ரீடிங் கையில இருக்கா? கொண்டா” என்றார். அதை முழுக்கப் பார்த்துவிட்டு, “அன்னைக்கு எல்லார் முன்னாலயும் கேட்டேன். இன்னைக்கு எல்லார் முன்னாலயும் இதைப் போர்டுல போட்டு விளக்கு” என்றார். குரல் கண்டிப்புதான். ஆனால் நான் எழுந்தபோது ஆட்டோ வரைக்கும் அவரே வந்தார்.

அடுத்தது கூட்டுறவு சங்கம். ஆட்டோவை அங்கேயே விடச் சொன்னேன். வீட்டில் சொன்னால் அவள் வேலைக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். நாற்காலியில் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கண் விஷயத்தைச் சொன்னதும் பகவதி எழுந்தாள். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது.

“எத்தனை நாளாம்மா இப்படி?”

“உக்காரு, சொல்லுதேன்.”

“அரிசில கல்லு... பூரணம்... ஐயோ, நான் ஒரு மடச்சி.” எல்லார் முன்னாலும் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நீ வேலையை விட்டேன்னா நான் கண் ஆபரேஷன் பண்ண மாட்டேன்” என்றேன். “இப்பவே சொல்லிட்டேன்.”

“யாரு விடப் போறா? ராசம்மா அத்தைக்கு விழுந்தபிறகு பாத்தாங்க. நீ விழலியேம்மா. புரைதானே இருக்கும், எடுத்துட்டா சரியாயிரும். இதைப் போயி மறைச்சு வச்சிருக்கியே, திருடி!”

அவளோடு வேலை பார்க்கிறவர்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

ஆகஸ்ட் 30, சனி

கண் ஆஸ்பத்திரி. புரைதான். இரண்டு கண்ணிலும். முதலில் வலது கண்.

செப்டம்பர் 5, வெள்ளி

கண்காட்சி. காந்திமதியின் மேசைக்குப் பின்னால் எனக்கு ஒரு நாற்காலி, சக்கரம் இல்லாதது.

பார்க்க வந்த நடுவர் ஒருவர் குச்சியால் கிராஃபைத் தொட்டு, “இந்தப் புள்ளிகளுக்கு மட்டும் ஏன் வாலும் கொம்பும்?” என்று கேட்டார்.

“சார், அந்த ரீடிங்ல மூணு டிகிரி வரை கூடவோ குறையவோ இருக்கலாம். அதைச் சோதிச்சுப் பாத்தோம், பக்கத்துச் சார்ட்டுல இருக்கு. நிஜமான அளவு இந்தச் சின்னக் கோட்டுக்குள்ள எங்கயோதான் இருக்கு, வெளியில இல்லை.”

“அப்ப உன் முடிவு தப்பா இருக்கலாமே?”

“சும்மா டின்னுக்கும் சாக்குக்கும் நடுவில பெரிய இடைவெளி சார், கோடு ரெண்டும் தொடவே இல்லை. அதனால ஈரச் சாக்குதான் நல்லதுன்னு உறுதியா சொல்லலாம். ஆனா ஓலையும் சுண்ணாம்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கு. எது ஜெயிச்சதுன்னு எங்களால சொல்ல முடியாது.”

“ஓலைதான்” என்றேன் நான் பின்னாலிருந்து.

“ஆச்சி, சும்மா இரு.”

நடுவர் சிரித்துவிட்டார். மூன்றாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய எரிமலை நன்றாகத்தான் புகைந்தது, ஆனால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

கிராஃபின் கீழே ஏதோ பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். என்னவென்று கேட்டேன். “பிறகு நீயே படிச்சுக்கோ” என்றாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. இதைக் காந்திமதி எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. வலி இல்லை. பயம் இருந்தது, அதை எழுதாதே. (எழுதிட்டேன் ஆச்சி.)

செப்டம்பர் 17, புதன்

கட்டை அவிழ்த்தார்கள்.

பகவதி எதிரில் நின்றாள். காது ஓரமெல்லாம் நரை. கண்ணுக்குக் கீழே இரண்டு மடிப்பு. எப்போது வந்தது இதெல்லாம்? என் பிள்ளை என் கண் முன்னாலேயே வயதாகிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை.

“என்னம்மா அப்படிப் பாக்க?”

“அழகா இருக்க” என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நான்கு நாள் லீவு முடிந்து நாளைக்குப் பகவதி வேலைக்குப் போகிறாள். பகல் நேரத்துச் சொட்டு மருந்துக்கு ராசம்மா மைனியின் மருமகள் வருவேன் என்றிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் குழி விழுகிறது, இன்றுதான் பார்த்தேன். எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று காந்திமதி கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், கலர் கலராக.

கறுப்புக் கண்ணாடியோடு வீட்டைச் சுற்றி வந்தேன். அடுப்படிச் சுவரை இத்தனை நாள் இப்படியா வைத்திருந்தேன்! தெர்மாமீட்டரை எடுத்து வரச் சொன்னேன். குட்டிக் கோடுகள் எறும்பு வரிசை மாதிரி ஒவ்வொன்றாக நிற்கின்றன. முப்பத்தொன்று என்றேன். காந்திமதி வந்து எட்டிப் பார்த்தாள். முப்பத்தொன்றுதான்.

பிறகு கிராஃபை இறக்கி விரித்தேன். கீழே அந்தப் பொடி எழுத்து: ‘பள்ளி நாள்களில் பகல் ரீடிங் அனைத்தும் எடுத்தவர்: செண்பகவடிவு. ஒரு நாள்கூட விடவில்லை.’

பள்ளிக்கூடத்துத் தாளில் என் பெயர். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சுவரில் மாட்டின படத்தையும் பார்த்தேன். அகிலாவுக்கு முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது, யாரும் சொல்லவே இல்லை. குழந்தை தாத்தா சாடையே இல்லை. சிதம்பரத்தின் மாமனாரை உரித்து வைத்திருக்கிறது, அந்த மூக்கு உட்பட. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேனே. போகட்டும், அவரும் தங்கமான மனுஷர்.

இன்றைக்கே சிதம்பரத்துக்குச் சொல்லிவிட வேண்டும். குழந்தை இப்போது உட்கார ஆரம்பித்திருப்பான். உட்கார்ந்த மாதிரி ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு ராசா. பெரிதாக வேண்டாம். சின்னதே போதும்.